புகைக்காத பழைய பைப்புகள்: பாதுகாப்பதா, பயன்படுத்துவதா?

தடப்பள்ளி வாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்புச்சி வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். அந்தத் தோட்டத்தைக் கவனித்துவந்த ஆங்கிலேய மேலாளர் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, தம்முடைய புகையிலைப் பைப்புகளில் மூன்றை ஒரு மரப்பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்புச்சிக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டே தவிரப் புகைபிடிக்கும் பழக்கம் இல்லை. அதனால் அந்தப் பெட்டி அம்மாயி வீட்டு அட்டாலியிலேயே கிடந்து, சென்ற ஆண்டு பாகம் பிரித்தபோது என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலாவது, வளைந்த தண்டுடைய பிரையர் மரப் பைப். அதன்மேல் பீட்டர்சன் என்ற பெயரும், ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட் என்ற முத்திரையும், வெள்ளிநிறப் பூணில் ஓர் இலை, ஒரு நாய், ஒரு கோபுரம் ஆகிய மூன்று சிறு சின்னங்களும் உள்ளன. இரண்டாவது, பட்டுத்துணி வைத்த தோலுறையில் இருக்கும், மீர்ஷாம் என்ற மென்கனிமத்தில் செதுக்கிய வெண்ணிறப் பைப். அதன் வாய்த்தண்டு தேன் நிறத்தில் இருக்கிறது, நடுவில் ஒரு சிறிய வெள்ளி வளையமும் உண்டு. மூன்றாவது, மேற்பரப்பு சொரசொரப்பாகவும் வாய்த்தண்டில் ஒரு வெண்புள்ளியோடும் இருக்கும் டன்ஹில் நிறுவனப் பைப். இது நன்றாகப் புகைக்கப்பட்டது என்பது பார்த்தாலே தெரிகிறது. முதல் இரண்டிலும் இதுவரை யாரும் நெருப்பே வைக்கவில்லை என்று எண்ணுகிறேன்.

நான் பைப் புகைப்பவன்தான். புகைப்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருளைக் கண்ணாடி அலமாரியில் அடைத்துவைப்பது அதைச் செய்தவரின் உழைப்பை வீணாக்குவதாகும் என்று ஒரு மனம் சொல்கிறது. இத்தனை காலம் ஒருவர் கையும் படாமல் வந்த ஒன்றை என் ஒரு மாலைப்பொழுதுக்காகக் கரியாக்குவதா என்று மறு மனம் தடுக்கிறது. விலை எனக்கு முக்கியமன்று, விற்கும் எண்ணமும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பீளமேடு சேகரிப்பாளர் எழுதியது:

அன்பருக்கு வணக்கம். பற்றவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன்னால், அவை உண்மையிலேயே புகைக்கப்படாதவைதாமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் விவாதம் முழுவதும் அந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது. புகைத்த பைப்பின் கிண்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதியதுபோல் காட்டுவது சந்தையில் வழக்கமாக நடப்பது. தங்களுடையது வீட்டு வழியாக வந்தது என்றாலும் பார்த்துவிடுவது நல்லது.

கிண்ணத்தின் அடியில் புகை வெளியேறும் துளையைக் கைவிளக்கு கொண்டு பாருங்கள். சுவரைத் தேய்த்துச் சுத்தமாக்குகிறவர்களால் அந்தத் துளையின் விளிம்பை மாற்ற முடியாது. ஒரு முறை புகைத்திருந்தாலும் அங்கே கறுப்பு ஏறியிருக்கும். துளையிட்ட கருவியின் சுழல்தடம் அடிப்பகுதியில் கூர்மையாகத் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். பிறகு வாய்த்தண்டைக் கழற்றி, உலர்ந்த பைப் கிளீனர் குச்சி ஒன்றைத் தண்டின் துளைவழியே விட்டு எடுங்கள். தூசி மட்டும் வந்தால் நல்ல அறிகுறி, பழுப்புக் கறையோ பழைய புகையிலை நாற்றமோ வந்தால் ஐயமில்லை. வாய்த்தண்டின் நுனியில் பல் பதிந்த தடம் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சில தொழிற்சாலைகள் கிண்ணத்தின் உட்சுவரில் கருநிறப் பூச்சு பூசியே விற்றன, ஆகவே உள்ளே கறுப்பாக இருப்பதாலேயே புகைக்கப்பட்டது என்று முடிவு கட்டவும் கூடாது.

முத்திரைகளைப் பற்றி. ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட் என்ற பெயரில் அயர்லாந்து இயங்கியது 1922 முதல் 1937 வரை மட்டுமே. ஆகவே தங்கள் பீட்டர்சன் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். ஆனால் பூண் வெள்ளியன்று, நிக்கல். ஷாம்ராக் இலை, வேட்டைநாய், உருண்டைக் கோபுரம் ஆகிய மூன்றும் அந்த நிறுவனம் நிக்கல் பூண்களில் அழகுக்காகப் பொறித்தவை. வெள்ளித் தர முத்திரையைப் போன்ற தோற்றம் தருவதால் பலரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். டப்ளின் நகரின் உண்மையான வெள்ளி முத்திரையில் மகுடம் சூடிய யாழும் அயர்லாந்தைப் பெண்ணாக உருவகித்த, அமர்ந்த நிலையிலுள்ள ஹைபெர்னியா உருவமும் ஓர் ஆண்டெழுத்தும் இருக்கும். மீர்ஷாம் பைப்பின் வளையத்தில் நடக்கும் சிங்கமும் நங்கூரமும் தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். சிங்கம் 92.5 விழுக்காடு வெள்ளி என்பதைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்ஹாம் சோதனைச்சாலைக்கு உரியது. பக்கத்திலுள்ள எழுத்தைக் கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் எழுத்துவரிசை சுழன்று சுழன்று வருவதால் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி, ஏன் பற்றவைக்கக் கூடாது? அரிதானது, விலை உயர்ந்தது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் காரணங்கள். புகைத்த பைப் ஒன்றைச் சுத்தம் செய்து, மெருகேற்றி, வாய்த்தண்டைக்கூட மாற்றி மீண்டும் நல்ல நிலைக்குக் கொண்டுவர முடியும். புகைக்காத பைப்பை ஒரு முறை பற்றவைத்துவிட்டால், அது புகைக்காததாக மறுபடி ஆகவே ஆகாது. அந்தக் காலத்துத் தொழிலாளி மரத்தை எவ்வளவு நேர்த்தியாகத் துளையிட்டார், உட்சுவரை எப்படி விட்டார், பூச்சு பூசினாரா, சாயம் எந்த நிறத்தில் இருந்தது என்பவற்றுக்கெல்லாம் இன்று சாட்சியாக எஞ்சியிருப்பவை இத்தகைய தொடப்படாத பொருள்கள் மட்டுமே. ஆயிரக்கணக்கில் செய்து ஆயிரக்கணக்கில் புகைக்கப்பட்டதால்தான், புகைக்கப்படாதவை கைவிரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. செய்தவரின் உழைப்பு வீணாகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த உழைப்பை அவர் கையிலிருந்து வந்த நிலையிலேயே இன்னொரு தலைமுறைக்குக் காட்ட முடிவது எனக்கு வீணாகத் தோன்றவில்லை.

ஆழியாறு எழுதியது:

பீளமேடு அண்ணன் முத்திரைகளைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் முடிவில் நான் வேறுபடுகிறேன். நான் பழைய பைப்புகளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகிறவன், அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்.

பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற குத்துச்செடியின் வேர்முடிச்சு. அதை வெட்டியெடுத்துப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துகிறார்கள். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சான் குளோட் என்ற ஊர் 1850களிலிருந்து இத்தொழிலால்தான் பேர் பெற்றது. இவ்வளவு பாடும் எதற்காக? அந்த மரம் நெருப்பைத் தாங்க வேண்டும், ஈரத்தை உறிஞ்ச வேண்டும், கையில் சுடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. இக்குணங்களில் ஒன்றையும் அலமாரியில் வைத்துப் பார்த்து அறிய முடியாது. பீட்டர்சன் நிறுவனத்தின் சிஸ்டம் பைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரீகாவிலிருந்து டப்ளினுக்கு வந்து குடியேறிய சார்ல்ஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில், புகையோடு வரும் ஈரம் வாய்க்கு ஏறாமல் தண்டுக்குள் தோண்டிய ஒரு குழியில் தேங்கிவிடும். சில ஆண்டுகள் கழித்து அவர் வடிவமைத்த வாய்நுனி, புகையை நாக்கின்மேல் விடாமல் அண்ணத்தை நோக்கி மேலே செலுத்துகிறது. ஒரு மனிதர் யோசித்து யோசித்துத் தீர்வு கண்ட இந்த நுட்பம், யாராவது புகைத்தால்தான் வேலை செய்கிறது.

புதிய பைப் முதல் நாளே நன்றாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சை மரத்தின் சுவை வரும், சூடு அதிகமாகத் தெரியும். அரைக் கிண்ணம் அளவுக்கே புகையிலை நிரப்பி, மெதுவாக, இடைவெளி விட்டுப் புகைத்துவந்தால் உட்சுவரில் மெல்லிய கரிப்படலம் ஒன்று உருவாகி மரத்தைக் காக்கும். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதில் காட்டும் அதே பொறுமை இதற்கும் வேண்டும். இந்தப் பழக்கத்துக்கு ஆளாகாத பைப் என்னைப் பொறுத்தவரை முழுமையடையாதது.

இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்ல மாட்டேன். மீர்ஷாமைத் தொடாதீர்கள். துருக்கியின் எஸ்கிஷேகிர் பகுதியில் கிடைக்கும் செபியோலைட் என்ற மென்மையான கனிமத்தைச் செதுக்கி, தேன்மெழுகில் தோய்த்துச் செய்வது அது. புகைக்கப் புகைக்கத் தண்டிலிருந்து மேல்நோக்கி மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும். அந்த நிறத்துக்காகவே அதைப் புகைத்தவர்கள் உண்டு. ஆனால் மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரில் செய்த பழைய வாய்த்தண்டு மிகவும் நொறுங்கக்கூடியது, உள்ளே இணைக்கும் திருகு பெரும்பாலும் எலும்பால் ஆனது. இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் திருப்பவே கூடாது. பீட்டர்சனோ தொழிற்சாலையில் தொடர்ந்து செய்துவந்த வகை, பூணும் நிக்கல். அதைப் புகைப்பதால் உலகம் இழப்பது மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

டன்ஹில்லைப் பற்றித் தயங்கவே வேண்டாம். சொரசொரப்பான மேற்பரப்பை மணல்வீச்சால் உண்டாக்கும் ஷெல் முறைக்கு அந்நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. வாய்த்தண்டின் வெண்புள்ளி, எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பொருத்த வேண்டும் என்பதைக் காட்டுவதற்காகத் தொடங்கியது என்பார்கள். இங்கிலாந்து என்ற முத்திரைச் சொல்லை ஒட்டிச் சிறியதாக ஓர் எண் இருந்தால் அதைக் குறித்து அனுப்புங்கள். காப்புரிமை எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் எந்த ஆண்டுப் பைப் என்று சொல்லிவிடலாம். வாய்த்தண்டு எபொனைட் என்றால் பச்சை கலந்த பழுப்பாக மாறியிருக்கும். கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர் அது. வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும். மிக நைசான உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துவிட்டு மெருகேற்றினால் பழைய கருமை திரும்பிவிடும். வாய்த்தண்டின் முனை உடைந்திருந்தாலும் கவலையில்லை, கோயம்புத்தூரில் கணபதி பக்கம் நல்ல லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் அளவு கொடுத்தால் துல்லியமாகக் கடைந்து தருவார். பம்ப்செட்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்க்கிற கைகள் அவை. கிண்ணத்தில் பழைய நாற்றம் இருந்தால் பஞ்சை அடைத்து, வோட்கா போன்ற தெளிந்த மதுவைச் சொட்டுச்சொட்டாக விட்டு ஓரிரவு வைத்திருங்கள். கல்லுப்பைப் போட்டுச் செய்கிறவர்களும் உண்டு, ஆனால் உப்பு ஊறித் தண்டு வெடித்ததாகச் சிலர் சொல்லக் கேட்டிருப்பதால் நான் பஞ்சையே விரும்புகிறேன்.

இன்னொன்று. நம் பவானி, சத்தியமங்கலம் பக்கத்துப் புகையிலையை ஆர்வத்தில் பைப்பில் நிரப்பிவிடாதீர்கள். அது மெல்லுவதற்காக வெயிலில் பதப்படுத்திய காரமான இலை. பைப்புக்கு வர்ஜீனியா, பர்லி போன்ற இலைகளை வேறு விதமாகப் பதப்படுத்திக் கலக்கிறார்கள்.

ஈரோடு பல் மருத்துவர் எழுதியது:

பழம்பொருளைப் பற்றிய விவாதத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பைப் புகையை உள்ளிழுப்பதில்லை, ஆகவே தீங்கு இல்லை என்று பலர் நம்புகிறார்கள். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வருவதற்குப் பைப்பும் காரணமாகும் என்பது நிறுவப்பட்ட உண்மை. பைப்பைக் கடித்துக்கொண்டிருப்பவர்களின் உதட்டில் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோமெரிங் 1795லேயே குறித்திருக்கிறார். மெல்லும் புகையிலையால் கன்னத்தின் உட்புறம் வெண்படலம் கண்டு வருகிறவர்களை நம் மாவட்டத்தில் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைப் புகைக்கிறவர் எவராயினும் வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறப்பதில் இறுக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரண்டு வாரங்களுக்கு மேல் பொறுத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். தாங்கள் பைப்பைப் பார்த்து மகிழ்வதில் எனக்கு மறுப்பே இல்லை. புகைக்காத பைப் புகைக்காததாகவே இருக்கட்டும் என்பதற்கு என் தரப்பிலிருந்தும் ஒரு வாக்கு.

தடப்பள்ளி வாய்க்கால் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா சொன்னதை மனத்தில் வைத்திருக்கிறேன், வாய்ப் பரிசோதனைக்கும் நேரம் வாங்கிவிட்டேன்.

சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்தேன். பீட்டர்சனின் கிண்ணம் வெளிர்மரமாகவே இருக்கிறது, அடியில் சுழல்தடம் தெளிவாகத் தெரிகிறது. தண்டுக்குள்ளிருக்கும் ஈரக்குழியிலும் கறை இல்லை. குச்சியில் தூசி மட்டுமே வந்தது. மீர்ஷாமின் உட்புறம் வெண்மை, வெளிப்புறத்தில் மட்டும் இலேசான மஞ்சள் படர்ந்திருக்கிறது. வளையத்தில் சிங்கமும் நங்கூரமும் இருக்கின்றன. தண்டும் வாய்த்தண்டும் சேருமிடத்தில் பாலேட்டு நிறத்தில் மெல்லிய பட்டை ஒன்றும் உள்ளது. அது தந்தமாக இருக்குமோ என்ற கவலை வந்துவிட்டது. டன்ஹில்லின் எண் தேய்ந்து படிக்க முடியவில்லை.

பீட்டர்சன் விஷயத்தில்தான் இருவர் கருத்தும் மோதுகிறது. அதில் பீளமேடு ஐயா என்ன சொல்வார் என்று அறிய விரும்புகிறேன்.

பீளமேடு சேகரிப்பாளர் எழுதியது:

முதலில் அந்தப் பட்டையைப் பார்த்துவிடுவோம். பூதக்கண்ணாடியில் சிறு கரும்புள்ளிகளோ கோடுகளோ குழிந்து தெரிந்தால் அது எலும்பு. இரத்தக்குழல்கள் ஓடிய வழிகள் அவை. வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். தந்தம் என்றால் எவ்வளவு பழையதாக இருந்தாலும் விற்பனைப் பேச்சையே எடுக்கக் கூடாது. இந்திய யானைத் தந்த வணிகம் 1986லும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991லும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத் திருத்தங்களால் தடை செய்யப்பட்டுவிட்டன. அப்படி இருந்தால் வனத்துறையினரிடம் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதேபோல, நூறு ஆண்டு நிறைந்த கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடியவை. வெளிநாட்டு உறவினர் யாரேனும் கேட்டால் தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

வெளிப்புற மஞ்சளைக் கண்டு வருந்த வேண்டாம். தேன்மெழுகு காலத்தால் மஞ்சளாவது இயல்பு, உட்புறம் வெண்மையாக இருப்பதுதான் சான்று.

இனிப் பீட்டர்சன். ஆழியாறு தம்பி அந்த அமைப்பின் நுட்பத்தை மிக அழகாக எழுதியிருக்கிறார், அந்த நுட்பத்தை அனுபவித்தே அறிய வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிஸ்டம் பைப்பைப் பீட்டர்சன் நிறுவனம் இன்றும் செய்துகொண்டிருக்கிறது. அதே ஈரக்குழி, அதே வாய்நுனி. அந்த அனுபவம் வேண்டுமென்றால் புதியதொன்றையோ, ஏற்கெனவே புகைத்த பழையதொன்றையோ வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட் என்ற முத்திரையோடு கிண்ணம் வெளிர்மரமாக இருக்கும் ஒன்றை இனி எவரும் செய்து தர முடியாது. பூண் நிக்கலாக இருப்பதும் என் பார்வையில் அதைக் காப்பதற்குத்தான் காரணமாகிறது. வெள்ளிப்பூண் போட்டவற்றை அன்றே பலர் பொக்கிஷமாக வைத்தார்கள். சாதாரண மனிதர் வாங்கிப் புகைத்துத் தீர்த்த வகைதான் புகைக்கப்படாமல் எஞ்சுவது அரிது.

கூடவே ஓர் இடரும் இருக்கிறது. பிரையர் வேரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொத்தல் இருந்தால், முதல் சில முறை புகைக்கும்போதுதான் சுவர் எரிந்து துளை விழும். நன்றாகப் புகைத்துவந்த டன்ஹில் அந்தச் சோதனையைக் கடந்துவிட்டது. பீட்டர்சன் இன்னும் கடக்கவில்லை.

ஆழியாறு எழுதியது:

இன்றும் அதே அமைப்பில் கிடைக்கிறது என்ற வாதத்துக்கு என்னிடம் வலுவான மறுமொழி இல்லை. ஆனாலும் என் கையில் அது கிடைத்திருந்தால் நான் பற்றவைத்திருப்பேன், அதை மறைக்க விரும்பவில்லை. தங்களுக்கு டன்ஹில் இருக்கிறது. முதலில் அதைச் சீர்செய்து புகைத்துப் பாருங்கள். பிறகும் பீட்டர்சன்மேல் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது யோசிக்கலாம். காத்திருப்பதால் அது கெட்டுப்போகாது.

பீளமேடு சேகரிப்பாளர் எழுதியது:

கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமென்றால் வைக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். வால்பாறைப் பக்கம் மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாற்றை அண்டிய ஊரில் இருந்த மரம் இப்போது கோபியின் சித்திரை வெயிலுக்கு வந்திருக்கிறது. ஓட்டுக்கூரைக்கு அடியிலுள்ள அட்டாலியில் வைக்காமல், வீட்டில் வெப்பம் அதிகம் ஏறாத நடு அறையில், வெயில் படாத மர அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை நிறையப் போட்டு ஒரேயடியாக உலர்த்தினால் தண்டு வெடிக்கும். பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும், புகைக்காத கிண்ணத்துக்குள் மதுவோ எண்ணெயோ விடக் கூடாது. வாய்த்தண்டை அடிக்கடி கழற்றி மாட்டினால் இணைப்பு தளர்ந்துவிடும். மூன்றையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்: எபொனைட்டிலிருந்து கசியும் கந்தகம் பக்கத்திலிருக்கும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பதால், மீர்ஷாமை அதன் தோலுறையோடு தனி அறையில் வைப்பது நல்லது. அப்புச்சிக்கு அது எப்படி வந்தது, எந்தத் தோட்டம், யார் கொடுத்தது என்று தங்கள் அம்மாவுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, அவர்களிடம் கையொப்பம் வாங்கிப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.